பழைய மினி டிராக்டர் பார்க்கப் போன கதை (இதுவரை)

ஆனைமலைப் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பு. மரத்துக்கு மரம் 25 அடி விட்டிருப்பதால் பெரிய டிராக்டரே தாராளமாகப் போய்வரும். ஆனால் நடுவில் அப்பா ஜாதிக்காய் வைத்துவிட்டார். வாடகை வண்டி ஒவ்வொரு முறை வரும்போதும் நாலு கிளையாவது முறிகிறது. நான் வாரம் முழுக்கக் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன், தோப்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அந்த ஒரு நாளில் வாடகை வண்டிக்குக் காத்திருந்தே பாதிப் பொழுது போகிறது. சரி, பழைய மினி டிராக்டர் ஒன்று பார்க்கலாம் என்று இறங்கினேன்.

எங்கள் பக்கம் அதிகம் கண்ணில் படுவது மூன்று வகை: ஒற்றை சிலிண்டர் 15 எச்பி யுவராஜ் 215, மூன்று சிலிண்டர் 18.5 எச்பி சக்தி, 24 எச்பி குபோட்டா நியோஸ்டார். நான் பார்த்த வண்டி எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதப்போவதில்லை. கீழே வரும் குறையெல்லாம் வயதாலும் ஓட்டியவர்களாலும் வந்தவை, கம்பெனியால் அல்ல. மூன்று சிலிண்டர், 2014 மாடல் என்பது மட்டும் போதும்.

விற்பவர் சொன்ன விலை 2,65,000. கூடவே ரொட்டவேட்டர் (கத்திகள் சுழன்று மண்ணைக் கிளறும் கருவி), ஒன்பது கொத்துக் கலப்பை, டிரெய்லர், ஒரு ஜோடி கேஜ்வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்). நான் போகும் வழியிலேயே மனக்கணக்குப் போட்டுவிட்டேன். ரொட்டவேட்டருக்கு இவ்வளவு, டிரெய்லருக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வந்தால் டிராக்டர் ஏறக்குறைய சும்மா கிடைப்பதுபோல் தெரிந்தது. இந்தக் கணக்குதான் தப்பு என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. கேஜ்வீல் சேற்று வயலுக்கு. தோப்புக்காரன் அதை வைத்துக் கோழியா அடைக்க முடியும்? ஆனால் பட்டியலில் ஒரு வரி கூடினால் மனசு என்னவோ மலிவு என்றுதான் நம்புகிறது.

துணைக்கு டிரைவர் அண்ணன் ஒருவரைக் கூட்டிப்போயிருந்தேன். 25 வருஷமாக டிராக்டர் ஓட்டுகிறவர். நான் ரொட்டவேட்டரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் நேராகப் போய் என்ஜின் பிளாக்கில் உள்ளங்கையை வைத்தார். "தம்பி, இது இப்பத்தான் ஓடி நின்னிருக்குது" என்றார். விற்பவர் காலையில் தண்ணி டேங்க் இழுத்ததாகச் சொன்னார். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சூடான டீசல் என்ஜின் எப்படியும் ஸ்டார்ட் ஆகிவிடும், தேய்ந்த என்ஜினும் ஆகும். அண்ணன் வேறு எதையும் பார்க்கவில்லை. "நாளைக்குக் காலையில வர்றோமுங்க. அதுவரைக்கும் சாவியே போடாதீங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை லீவு போட்டு ஆறரை மணிக்குப் போனோம். என்ஜின் சில்லென்று இருந்தது.

முதலில் ரேடியேட்டர் மூடி. தண்ணீர் துரு நிறம், ஆனால் மேலே எண்ணெய்ப் படலம் இல்லை. ஆயில் குச்சியை உருவினால் கறுப்பு ஆயில், மோர் மாதிரி வெளுத்திருக்கவில்லை. ஆயிலும் தண்ணீரும் கலந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டில் வேலை இருக்கிறது என்று அர்த்தம், அங்கேயே திரும்பியிருப்போம். செல்ஃப் அடித்ததில் இரண்டாவது முறை பிடித்தது. வெள்ளைப் புகை வந்து ஒரு நிமிஷத்துக்குள் அடங்கியது. குளிரில் அது வழக்கம். சூடான பிறகும் நீலப் புகை நின்றால் ஆயில் எரிகிறது, அதற்குத்தான் பயப்படணும்.

அப்புறம் அண்ணன் செய்ததுதான் எனக்குப் புதுசு. என்ஜின் மெதுவாக ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதைக் கவிழ்த்து அந்த ஓட்டையின் மேலேயே சும்மா வைத்தார். மூடி நடுங்கியது, ஆனால் விழவில்லை. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் லைனரும் தேய்ந்திருந்தால் எரிந்த காற்று கீழே இறங்கி மூடியைத் தூக்கி எறிந்துவிடுமாம். "மூச்சு பரவாயில்லை" என்றார். காசில்லாத பரிசோதனை இதைவிட ஒன்று இருக்குமா தெரியவில்லை.

கிளட்ச், ஸ்டியரிங், பிரேக் மூன்றும் சுமார். முன்சக்கரத்தைத் தூக்கி ஆட்டியதில் கொஞ்சம் ஆட்டம் இருந்தது. என்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரில் 612. பதினொரு வருஷத்துக்கு அது ரொம்பக் குறைவு. கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஓரத்தில் இரும்பு பளபளத்தது. கேபிளில் ஓடும் மீட்டர் என்ஜின் சுற்றைத்தான் எண்ணும், மெதுவாக ஓட்டினால் ஒரு மணி நேரம் அதில் ஒரு மணி ஆகாது. அதையெல்லாம் கழித்தாலும் எனக்கு அந்தப் பெடல்தான் சாட்சி. மீட்டரை மாற்றலாம், பெடலை யாரும் மாற்றுவதில்லை.

பெரிய குறை, பின்னால் மாட்டும் கருவியைத் தூக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக் லிஃப்டில். ரொட்டவேட்டரை முழுக்கத் தூக்கி, என்ஜினை நிறுத்தி, கத்திக்கும் தரைக்கும் டேப் வைத்து அளந்தேன். 40 சென்டிமீட்டர். பத்து நிமிஷம் அரட்டை அடித்துவிட்டு வந்து பார்த்தால் 22. இன்னும் கொஞ்சம் நேரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டது. சீல் மட்டும் போயிருந்தால் சின்னச் செலவு, உள்ளே சிலிண்டரில் கீறல் விழுந்திருந்தால் பெரிய செலவு. எது என்று பிரித்தால்தான் தெரியும். விலை பேசும்போது பெரிய செலவு என்றே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

இனி அந்த "கூடவே" பட்டியல்.

ரொட்டவேட்டர் இந்த வண்டிக்கேற்ற ஒரு மீட்டர் அகலம்தான். எல் வடிவக் கத்திகள் முனை தேய்ந்து விரல் மாதிரி ஆகியிருந்தன. கையால் சுற்றியதில் ஒரு பக்க பேரிங் கரகரத்தது. டிராக்டரின் சுழற்சியை ரொட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் பிடிஓ தண்டின் மேல் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் உறை காணவில்லை. எங்கள் ஊரில் அதைக் கழற்றி எறிவது பழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் கோபமே வரும். தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு ஒன்பது. துண்டோ வேட்டி நுனியோ மாட்டினால் கையை எடுக்கக்கூட நேரம் இருக்காது.

கலப்பை இந்த வண்டியினுடையதே அல்ல. வண்டியில் கருவி மாட்டும் கீழ்க் கையின் ஓட்டை 22 மில்லிமீட்டர், அதில் நுழைய வேண்டிய கலப்பையின் இரும்புப் பின் 28. அது பெரிய டிராக்டரின் அளவு. மாட்டவே மாட்டாது. மாட்டினாலும் ஒன்பது கொத்தை இழுக்க இதற்குத் தெம்பு கிடையாது. இத்தனைக்கும் விற்பனைப் படத்தில் வண்டிக்குப் பின்னாலேயே அழகாக நிறுத்தி வைத்திருந்தார்கள்! டிரெய்லருக்குத் தனியாகப் பதிவு வேண்டும், இதற்கு நம்பரும் இல்லை, ஆர்சியும் இல்லை. கொக்கி ஒருமுறை உடைந்து வெல்டிங் வைத்தது. தேங்காய் ஏற்றி ரோட்டில் போகும்போது அது பிரிந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

ஆர்சியை வாங்கிப் பார்த்தேன். சேசிஸ் நம்பர் ஒத்துப்போனது, அழுக்கைத் துடைத்து சாக்பீஸ் தேய்த்துத்தான் படிக்க முடிந்தது. ஆனால் ஒரு வங்கியின் பேரில் அடமானக் குறிப்பு இன்னும் இருந்தது. "கடன் எப்பவோ முடிஞ்சுதுங்க, அது ஒண்ணுமில்லீங்க" என்றார். ஒன்றுமில்லாமல் இல்லை. வங்கியின் என்ஓசியும் (கடன் பாக்கி இல்லை என்ற சான்று) படிவம் 35-ம் கொடுத்து ஆர்டிஓவில் அதை நீக்கிய பிறகுதான் 29, 30 படிவங்களோடு பெயர் மாற்றுவது நல்லது.

விலை பேச்சில் எனக்குக் கைகொடுத்தது ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு வரி 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. அவர் பழைய ஷோரூம் விலையை மனதில் வைத்துக்கொண்டே பேசினார். புது வண்டியே இறங்கிவிட்டதே என்றதும் கொஞ்சம் யோசித்தார். கலப்பை, டிரெய்லர், கேஜ்வீல் மூன்றையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், டிராக்டரும் ரொட்டவேட்டரும் மட்டும் போதும் என்றேன். நான் 1,70,000 சொல்ல, அவர் 1,95,000-இல் நின்றார். அண்ணன் நடுவில் புகுந்து 1,82,000-க்கு முடித்தார். அட்வான்ஸ் 10,000 மட்டும். அடமானம் நீங்கிய ஆர்சி கைக்கு வந்தால்தான் மீதி என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

போன வாரம் என்ஓசி வந்துவிட்டதாம், ஆர்டிஓ வேலை பாக்கி. அதற்குள் ரொட்டவேட்டருக்கு ஒரு செட் கத்தி, இரண்டு பேரிங், பிடிஓ உறை மூன்றுக்கும் பொள்ளாச்சியில் விலை கேட்டு வைத்திருக்கிறேன். வண்டி வந்த அன்று என்ஜின், கியர், ஹைட்ராலிக் மூன்று ஆயிலையும் வடித்துப் புதுசு ஊற்றிவிட்டுத்தான் தோப்புக்குள் விடணும் என்று அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். லிஃப்டைப் பிரிக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து அடுத்த பதிவில் எழுதுகிறேன்.