சரணத்தைப் படித்துவிட்டுப் பாடுவோம்

திருகோணமலையில் பல ஆலயங்களின் ஞாயிறு ஆராதனைகளில் கலந்துகொண்டிருக்கிறேன். ஆறு சரணங்கள் உள்ள பாமாலைப் பாட்டு, முதலிலிருந்து முடிவுவரை ஒரே சத்தத்திலும் ஒரே வேகத்திலும் செல்வதையே பெரும்பாலும் கேட்கிறேன். சிலுவைத் துயரைச் சொல்லும் சரணமும் உயிர்த்தெழுதலை அறிவிக்கும் சரணமும் ஒன்றுபோலவே ஒலித்தால், சபையாரின் வாய் பாடினாலும் மனம் பாட்டோடு நிற்காது. இதற்காகப் புதுப் பாட்டுகளைத் தேடவோ ஒலிபெருக்கியைக் கூட்டவோ தேவையில்லை. எங்கே தணிந்து, எங்கே எழுந்து பாட வேண்டும் என்பதைப் பாட்டின் சொற்களே காட்டுகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே பாடகர் குழு ஒத்திகையில் மெட்டைத் தொடுமுன் சரணங்களை வாசித்து, எது மன்றாட்டு, எது துதி என்று புத்தக ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வது நல்லது. மன்றாட்டுச் சரணத்தை ஓர்கன் இல்லாமல் நான்கு குரலில் பாடலாம்; ஆனால் துணையின்றிப் பாடும்போது சுருதி மெல்ல இறங்கும், அடுத்த சரணத்தில் ஓர்கன் சேர்ந்தவுடன் அது எல்லோர் காதுக்கும் தெரிந்துவிடும் என்பதால், இதற்கெனத் தனியே பயிற்சி வேண்டும். சோப்பிரானோக்கள் எனும் உயர்குரல் பாடகர் மெட்டுக்கு மேலே பாடும் மேற்குரலை இறுதிச் சரணத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அந்த வேளையில் மற்றக் குரல்கள் எல்லாம் மெட்டையே பாட வேண்டும். சபையாருக்குப் பிடிப்பாக மெட்டு கேட்டுக்கொண்டே இருக்க வேண்டுமல்லவா?

ஒரே அளவுள்ள பாட்டுகளுக்கு மெட்டை மாற்றிக்கொள்வது பழைய வழக்கம். 8.6.8.6 (நான்கு வரிகளின் அசை எண்ணிக்கை) என்று குறித்த பாட்டை அதே அளவுள்ள வேறொரு மெட்டில் பாடலாம். ஆனால் தமிழில் அசை எண்ணிக்கை பொருந்துவது மட்டும் போதாது. நெடில் எழுத்து குறுகிய சுரத்தில் விழுந்து நசுங்கினாலும், குறில் எழுத்து இழுபட்டு நெடிலாகக் கேட்டாலும், சொல்லே சிதைந்துவிடும். பாமாலைகளில் பல, ஐரோப்பிய மெட்டுகளுக்குப் பொருத்தி ஆக்கப்பட்டவை என்பதால் இந்தத் தொல்லை அவற்றுள் ஏற்கெனவே உண்டு. முழுச் சரணத்தையும் உரக்கப் பாடிப் பார்க்காமல் மெட்டை மாற்றக் கூடாது.

கீர்த்தனைகளுக்கு வழி வேறு. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் வளர்த்த இந்த மரபில், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பிலேயே பங்கீடு இருக்கிறது. பல்லவியைச் சபையார் முழுவதும், அனுபல்லவியைக் குழு, சரணத்தைத் தனிக்குரல் என்று பிரித்தால், புத்தகம் இல்லாதவரும் பல்லவிக்கு வந்து சேர்ந்துகொள்வார். இங்கே நான்கு குரல் இசைவைத் திணிப்பதை நான் ஏற்பதில்லை. ராகத்தின் அசைவுகள் அதில் மறைந்துபோகும். சுருதியும் மிருதங்கமும் போதும். கத்தோலிக்க ஆலயங்களுக்கு இதில் தயக்கமே வேண்டாம்: 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டு ஏடு, குழாய் ஓர்கனை உயர்வாக மதித்ததோடு, மக்களின் சொந்த இசை மரபுக்கும் வழிபாட்டில் தகுந்த இடம் தரச் சொல்கிறது.

இவை எல்லாவற்றையும் ஒரே ஞாயிறில் செய்யத் தேவையில்லை. ஓர் ஆராதனைக்கு ஒரு பாட்டில் ஒரு மாற்றம் செய்து, அதை முதல் சரணத்துக்கு முன்பே சபையாருக்கு அறிவித்துவிட்டால் போதும்.