சுண்ணக்கல் மண்ணில் மேயும் குதிரைகள்: கென்டக்கியில் ஒரு வசந்த காலம்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள லெக்சிங்டன் நகரைச் சுற்றியுள்ள ப்ளூகிராஸ் வட்டாரத்திற்குப் படம் எடுக்கச் செல்பவர்கள் பெரும்பாலும் குதிரைகளை மட்டுமே தேடுகிறார்கள். என் கருத்தில் அங்கே முதலில் பார்க்க வேண்டியது தரையைத்தான். ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடலடியில் படிந்த சுண்ணக்கல் அந்தப் புல்வெளிகளின் அடியில் கிடக்கிறது. அது கரைந்து உண்டான மண்ணில் கால்சியமும் பாஸ்பரஸும் நிறைந்திருப்பதால், அங்கு வளரும் புல்லும் ஊறும் நீரும் குதிரைக் குட்டிகளின் எலும்புக்கு உரம் தருவதாகப் பண்ணைக்காரர்கள் தலைமுறைகளாக நம்பி வருகிறார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் வேலி, ஓடை, மரம், ஆற்றங்கரைப் பாறை எல்லாமே ஒரே படத்தின் பகுதிகளாகத் தெரியத் தொடங்கும்.

ஏப்ரல் நடுப்பகுதியே எனக்குப் பிடித்த காலம். அந்த ஆண்டில் பிறந்த குட்டிகள் தாயை ஒட்டி நிற்கும். வேலியோரங்களில் ரெட்பட் மரங்கள் இலை விடுவதற்கு முன்பே இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கும். 1936இல் தொடங்கப்பட்ட கீன்லாந்து பந்தய மைதானத்தில் வசந்தப் பந்தயங்கள் நடப்பதும் இம்மாதத்தில்தான். ஆனால் பந்தயத்தைவிட விடியற்காலைப் பயிற்சியே ஒளிப்படத்திற்கு உகந்தது. குளிர்ந்த காற்றில் குதிரைகள் விடும் மூச்சு ஆவியாகப் பின்னொளியில் மின்னுவதை, பொதுமக்கள் தடுப்புக் கம்பியின் அருகிலேயே நின்று பார்க்க முடிகிறது. கருஞ்செம்பழுப்புக் குதிரை ஒன்று வெளிறிய பனிமூட்டத்தின் முன் ஓடும்போது, கேமரா பனியின் வெண்மையை அளந்து குதிரையை வெறும் நிழலாக்கிவிடும். ஆகவே வெளிச்ச அளவை அரை முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்காகும்) கூட்டி எடுத்தால், கழுத்துத் தசையின் மடிப்புகளும் வியர்வையின் பளபளப்பும் படத்தில் தங்கும்.

லெக்சிங்டனிலிருந்து மேற்கே செல்லும் ஓல்ட் ஃப்ராங்ஃபர்ட் பைக் என்ற குறுகிய சாலையில் மெதுவாகப் போக வேண்டும். இரு பக்கமும் சாந்து பூசாமல், கல்லின் எடையாலேயே நிற்கும்படி அடுக்கிய சுண்ணக்கல் வேலிகள். அவற்றின் உச்சியில் கற்கள் புத்தகங்களைப் போலச் சாய்ந்து நிற்கின்றன. அயர்லாந்திலிருந்து குடியேறிய கொத்தர்கள் இந்தக் கலையைக் கொண்டுவந்தார்கள். அடிமைப்படுத்தப்பட்டிருந்த கறுப்பினத் தொழிலாளர்கள் அதைக் கற்று ஏராளமான வேலிகளை எழுப்பினார்கள். அழகான முன்புலம் என்று மட்டும் எண்ணி இவற்றைக் கடந்து போக எனக்கு மனம் வருவதில்லை. தாழ்ந்த மாலை வெயிலில் ஒவ்வொரு கல்லின் விளிம்பும் தனித்தனியாக எழுந்து தெரியும். அப்போது குதிரையே இல்லாவிட்டாலும் அந்தப் படம் முழுமையானது. பண்ணைகள் தனியார் நிலம் என்பதால், வேலியில் ஏறுவதும் குதிரைகளுக்குத் தின்பண்டம் நீட்டுவதும் கூடாது. வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்த இடம் கிடைத்தால், தொலைவை நெருக்கிக் காட்டும் 200 மி.மீ. லென்ஸ் போதுமானது.

1978இல் திறக்கப்பட்ட கென்டக்கி ஹார்ஸ் பார்க்கில் கூட்டம் மான் ஓ வார் என்ற புகழ்பெற்ற குதிரையின் சிலையைச் சூழ்ந்து நிற்கும். அதே வளாகத்தில், கென்டக்கி டெர்பி என்ற பெயர்பெற்ற குதிரைப் பந்தயத்தை 1884, 1890, 1891 ஆகிய ஆண்டுகளில் வென்ற கறுப்பின ஜாக்கி (பந்தயக் குதிரையோட்டி) ஐசக் மர்ஃபியின் கல்லறையும் இருக்கிறது. அங்கே செல்பவர்கள் அவருடைய கல்லறையின் முன்னும் சற்று நேரம் நிற்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

குதிரைகளைப் பார்த்து முடித்ததும் பலர் ஊர் திரும்பிவிடுகிறார்கள். நகரின் தென்கிழக்கே கென்டக்கி ஆற்றை ஒட்டியுள்ள ரேவன் ரன் இயற்கைச் சரணாலயத்திற்கு அவசியம் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். மேய்ச்சல் நிலத்தின் அடியில் மறைந்திருக்கும் சுண்ணக்கல்லை இங்கே ஆறு செங்குத்தாக அறுத்துத் திறந்து காட்டுகிறது. இந்த ஆற்றோரப் பாறைச்சுவர்களில்தான் அம்மாநிலத்தில் வெளியே தெரியும் மிகப் பழமையான பாறைகள் உள்ளன. அதே ஏப்ரலில் ஓடைச் சரிவுகளில் வர்ஜீனியா ப்ளூபெல் பூக்கள் நீலமாக விரிந்து கிடக்கும். மேகமூட்டமான நாளில், ஈர இலைகளின் பளபளப்பைக் குறைக்கப் லென்ஸின் முன் போலரைசர் வடிகட்டியைப் பொருத்தி, முக்காலியைத் தாழ்த்தி வைத்து எடுத்தால் அந்த நீலம் வெளிறாமல் பதியும். பூக்கள் சில வாரங்களில் உதிர்ந்துவிடுவதால், கீன்லாந்துப் பந்தய நாட்களையும் இந்தப் பூப்பருவத்தையும் சேர்த்துப் பார்த்துப் பயணத் தேதியை முடிவு செய்வது நல்லது.