மைவிக்குச் சிவப்பு கேலிப்பர்: சாயம் அடித்ததைவிட அலைந்ததுதான் அதிகம்

சாயம் அடித்து, காயவிட்டு, கேமரன் மலை வரைக்கும் ஓட்டிப் பார்த்தும் ஆயிற்று. எங்கள் பெரோடுவா மைவி காரின் முன்சக்கர பிரேக் கேலிப்பர் (பேடை டிஸ்கின் மேல் அழுத்திப் பிடிக்கிற பாகம்) இரண்டும் பளிச்சென்று சிவப்பாக இருக்கின்றன. மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஈப்போ கடையை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இன்னொருவர் போய் ஏமாறக்கூடாது.

சுங்கை சிப்புட் ஹார்ட்வேர் கடைகளில் கேட்டுப் பார்த்தேன். கேட்டுக்கு அடிக்கும் சாயம், கூரைச் சாயம், மோட்டார் எக்ஸாஸ்டுக்கு அடிக்கும் கறுப்பு எல்லாம் இருந்தது. கேலிப்பருக்கென்று சிவப்பு இல்லை. ஈப்போவில் ஒரு அக்சசரிஸ் கடையைக் கைகாட்டினார்கள். வேலை முடிந்த கையோடு போனேன். கவுண்டரில் இருந்த பையனிடம் தெளிவாகவே கேட்டேன்: பிரேக் கேலிப்பருக்கு, சூடு தாங்கவேண்டும், சிவப்பு. உள்ளே போய் ஒரு ஸ்ப்ரே டின் கொண்டுவந்தான். முன்பக்கம் கடையின் ஸ்டிக்கர், அதில் 'ஹை டெம்ப் ரெட்' என்று அச்சடித்திருந்தது.

"எத்தனை டிகிரி தாங்கும் தம்பி?"

"எல்லாக் காடிக்கும் இதான்ணே போகுது. இதுவரைக்கும் யாரும் கம்ப்ளைன்ட் சொன்னதில்ல."

ரசீதில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று முத்திரை குத்திக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினால், அடியில் டின்னின் சொந்த லேபிள். பொது உபயோக அக்ரிலிக் ஸ்ப்ரேயாம். மரத்துக்கு, இரும்புக்கு, பிளாஸ்டிக்குக்கு. சூட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இதில் ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். ஓடுகிற காரை நிறுத்தும்போது அந்த வேகமெல்லாம் டிஸ்கிலும் பேடிலும் சூடாகத்தான் மாறுகிறது. நீண்ட இறக்கத்தில் டிஸ்க் பல நூறு டிகிரிக்குப் போகும். கேலிப்பர் அவ்வளவு கொதிக்காது என்றாலும் நூறு டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தக் கேலிப்பருக்குள்ளேயே இருக்கிற பிரேக் எண்ணெய்க்கு, டாட் 3 ரகம் என்றால், புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி கொதிநிலை இருக்கவேண்டும் என்று தரம் வைத்திருக்கிறார்கள். எண்ணெய்க்கே அந்தக் கதி என்றால் மேலே பூசுகிற சாயம் என்ன பாடுபடும்? சாதாரண அக்ரிலிக் முதலில் பழுப்பாகும், பிறகு தோல் தோலாக உரியும். கேலிப்பருக்கென்றே செய்த ஸ்ப்ரேயில் 900 ஃபாரன்ஹீட், அதாவது 482 செல்சியஸ் என்பது போல ஓர் எண்ணைப் பெரிதாகவே போட்டிருப்பார்கள். எண் இல்லாத டின்னைக் கையில் வாங்காதீர்கள். கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கடையிலேயே உரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

டின்னைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஈப்போ போனேன். பையன் இல்லை, மேற்பார்வை பார்ப்பவர் இருந்தார். அவர் என்னைக் கேட்ட கேள்வி: "ஸ்டிக்கர ஏன் உரிச்சீங்க?" பணம் திரும்பவில்லை. பெட்ரோலும் டோலும் என் கணக்கில்.

அதற்கப்புறம்தான் ஸ்ப்ரேயே வேண்டாம், பிரஷால் பூசுகிற இரண்டு கூட்டு எப்பாக்ஸி வாங்கலாம் என்று முடிவெடுத்தேன். இப்போது யோசித்தால் தொடக்கத்திலிருந்தே அதுதான் சரியான சாமான். சாயம் ஒரு டப்பா, ஹார்டனர் ஒரு டப்பா. இரண்டையும் கலந்தால்தான் இறுகும். இறுகிவிட்டால் பிரேக் எண்ணெய் சொட்டினால்கூடச் சுலபத்தில் இளகாது. சாதாரணச் சாயத்தில் பிரேக் எண்ணெய் பட்டால் கொஞ்ச நேரத்தில் கொப்புளித்துக் கிளம்பிவிடும். கையால் பூசுவதால் அக்கம்பக்கம் தெறிக்கிற தொல்லையும் கிடையாது.

ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். பெட்டி வந்தது. சாயம் இருக்கிறது, பிரஷ் இருக்கிறது, கையுறை இருக்கிறது, கலக்குகிற குச்சிகூட இருக்கிறது. ஹார்டனர் இல்லை. பெட்டியில் அதற்கென்று வெட்டிய பள்ளம் காலியாகக் கிடக்கிறது. விற்றவருக்குச் செய்தி அனுப்பினால், "அது இல்லாமலும் காயும் போஸ், கொஞ்சம் லேட் ஆகும்" என்று பதில். காயாது. ஹார்டனர் சேராத எப்பாக்ஸி எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் பிசுபிசுவென்றுதான் இருக்கும். அதை நம்பிப் பூசியிருந்தால் அந்தப் பிசினில் பிரேக் தூசு முழுக்க ஒட்டி, சுரண்டி எடுக்கவே தனியாக ஒரு நாள் வேண்டியிருக்கும்.

நல்ல வேளை, பெட்டியைப் பிரிக்கும்போதே போனில் படம் பிடித்திருந்தேன். டேப் அறுப்பதிலிருந்து காலிப் பள்ளம் வரை ஒரே ஓட்டமாக. அதைப் போட்டுப் புகார் திறந்ததும், அதுவரை 'காயும்' என்றவர் "சாரி, அனுப்பி விடுகிறேன்" என்றார். சொன்னபடி ஹார்டனர் தனிப் பொட்டலமாக வந்தது. இந்த மாதிரி இரண்டு டப்பா சாமான் எது வாங்கினாலும் பிரிக்கும்போது படம் எடுங்கள். 'பொருள் கிடைத்தது' என்ற பொத்தானைச் சரிபார்க்கும் முன் அழுத்தாதீர்கள்.

ஹார்டனர் வரும்வரை சும்மா இருப்பானேன், கேலிப்பரைச் சுத்தம் செய்து வைப்போம் என்று சக்கரத்தைக் கழற்றப் போனால் அடுத்த சங்கடம். இடது முன் சக்கரத்தில் ஒரு நட்டு அசையவே மாட்டேன் என்கிறது. சில மாதம் முன்பு டயர் மாற்றிய கடையில் காற்றுத் துப்பாக்கியை வைத்து டர்ர்ரென்று இறுக்கி அனுப்பியிருந்தார்கள். மூலைகளையும் மழுக்கி வைத்திருந்தார்கள். காரோடு வந்த ஸ்பேனரைப் போட்டால் வழுக்குகிறது. இதே நட்டு இரவில் செம்பனைக் காட்டு ரோட்டில் டயர் பஞ்சரானபோது மாட்டியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தால் உடம்பு சில்லிடுகிறது. மனைவியும் பிள்ளையும் போகிற கார் அது.

எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு)ப் பின்னால் தோட்டம். அங்கே டிராக்டர் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கேட்டதும் மாலையில் பசியாறிவிட்டு வந்தார், கையில் நட்டு இளக்கும் நீளமான பவர் பார், ஒரு துண்டு இரும்புக் குழாய், பழைய சாக்கெட் சில. நான் ஜாக்கை எடுத்ததைப் பார்த்ததும் தடுத்தார்.

"காடியத் தூக்காத தம்பி. நட்டு இளகுற வரைக்கும் சக்கரம் தரையில நிக்கட்டும். ஜாக் மேல நிக்கிற காடிய இந்தக் கம்பியால இழுத்தா சாஞ்சி விழுந்துடும்."

மைவி நட்டுக்கு 21 மில்லி சைஸ். அதைவிட ஒரு பொடி சிறிய ஆறு முனை சாக்கெட்டை எடுத்து, மழுங்கிய நட்டின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி ஏற்றினார். பவர் பாரை மாட்டி, அதன் மேல் குழாயைச் செருகி, திடீரென்று மிதிக்காமல் உடம்பின் பாரத்தை மெல்ல மெல்லக் கொடுத்தார். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் 'டக்' என்று ஒரு சத்தம். போல்ட்டே முறிந்துவிட்டது என்று நான் கண்ணை மூடினேன். முறியவில்லை, நட்டுதான் விட்டுக் கொடுத்தது. மரையில் செந்தூள் மாதிரி துரு. அந்த நட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு டவுன் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புதிது வாங்கினேன். 12 மில்லி, 1.5 மரை, சில வெள்ளி (ரிங்கிட்)தான். மற்ற நட்டுகளையும் அன்றே கையால் இளக்கி, மரையைக் கம்பி பிரஷால் துடைத்துத் திரும்ப மாட்டிவைத்தேன். அண்ணன் காசு வாங்கவில்லை, ஒரு டீயோடு சரி.

இதற்கப்புறம் நடந்ததில் பெரிய கதை இல்லை. பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கைபிரேக் இழுத்து (மைவியில் அது பின்சக்கர டிரம் பிரேக்கைத்தான் பிடிக்கிறது, முன்பக்கம் தூக்கும்போது உதவும்), ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினேன். வெறும் ஜாக்கை நம்பி வேலை செய்யாதீர்கள்.

சுத்தம் செய்வதில் மட்டும் அவசரம் கூடாது. எங்கள் பக்கம் செம்மண் ரோடு, மழை பெய்தால் செம்பனை லோரிகள் கிளப்பும் சேறு. அது கேலிப்பரின் இடுக்குகளில் பிரேக் தூசோடு சேர்ந்து கெட்டியாக அப்பிக் கிடந்தது. மேலே பார்த்தால் இரும்பு மாதிரி தெரிகிறது, கம்பி பிரஷ் போட்டால் அடை அடையாகப் பெயர்கிறது. இதன் மேல் எந்த விலைக்கு வாங்கிய சாயத்தைப் பூசினாலும் மண்ணோடு சேர்ந்து உதிரும். கம்பி பிரஷ், பிறகு உப்புத்தாள், கடைசியில் பிரேக் கிளீனர். துணியில் கறுப்பு ஒட்டாத வரைக்கும் துடைத்தேன். காற்றடித்துத் தூசை ஊதாதீர்கள், பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ்கூட இருக்கலாம். முகக்கவசம் போட்டு ஈரத்துணியால் துடையுங்கள்.

கேலிப்பரைக் கழற்றாமல் மாட்டியபடியேதான் பூசினேன். கழற்றினால் இன்னும் சுத்தமாக வரும். ஆனால் எண்ணெய்க் குழாயை அவிழ்த்தால் காற்று புகும், பிறகு அந்தக் காற்றை வெளியேற்ற பிளீடிங் செய்யவேண்டும். பிரேக் வேலை கைவராதவர்கள் அதில் இறங்கவேண்டாம். பேட் மாற்றும்போது திறப்பதுபோல் திறந்தால்கூட, கேலிப்பரை எண்ணெய்க் குழாயில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். டேப் ஒட்டியே ஆகவேண்டிய இடங்கள்: பிஸ்டன் ரப்பர், ஸ்லைட் பின்னும் அதன் ரப்பர் உறையும், பேட் உட்காரும் இடம், பிளீடர் நிப்பிள், எண்ணெய்க் குழாய், டிஸ்கின் முகம். பேட் நகர்கிற இடத்தில் சாயம் தடித்தால் பேட் மாட்டிக்கொள்ளும், அப்புறம் ஒரு பக்கமாக இழுக்கும். சக்கரம் ஒட்டி உட்காரும் ஹப் முகத்திலும் சாயம் கூடாது.

காலையில் வெயில் ஏறியதும் கலந்து, மெல்லிய பூச்சாகப் பூசி, தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்தபின் அடுத்த பூச்சு. கலந்த சாயம் டப்பாவிலேயே இறுகத் தொடங்கும், அதனால் இரண்டு பக்கமும் தயாரான பிறகே கலக்கவேண்டும். எங்கள் ஊரில் மத்தியானத்துக்கு மேல் எப்போது இடி மழை வரும் என்று சொல்ல முடியாது, ஈரக் காற்றில் மேல்பூச்சு மங்கிப்போகும்.

அன்றும் வந்தது மழை. போர்ச்சுக்குள் இருந்ததால் சாயம் தப்பியது. மழை விட்டதும் போர்ச் விளக்கைச் சுற்றி ஈசல். புற்றுக்குள்ளிருந்து புறப்பட்டு வந்ததெல்லாம் வெளிச்சத்துக்குப் பறந்து, இறக்கையை உதிர்த்துவிட்டு ஊர்கிறது. சாயம் இன்னும் முழுக்க இறுகவில்லை. ஓடிப்போய் விளக்கை அணைத்தேன். அதற்குள் இடது கேலிப்பரின் மேல் விளிம்பில் ஓர் இறக்கை போய் ஒட்டிக்கொண்டது. கண்ணாடி மாதிரி மெல்லிசு, நரம்பெல்லாம் தெரிகிறது. ஈரத்தில் பிடுங்கினால் தடம் விழும் என்று விட்டுவைத்து, நன்றாகக் காய்ந்தபின் நைஸ் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். மாலை வேலை செய்கிறவர்கள் விளக்கை மறந்துவிடாதீர்கள்.

ஒரு முழு நாள் விட்டுத்தான் சக்கரம் மாட்டினேன். காரை நகர்த்தும் முன் பிரேக்கைப் பலமுறை மிதித்துப் பாருங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருந்தால் முதல் மிதியில் பெடல் தரைவரை போகும், அந்த நிலையில் கேட்டைத் தாண்டினால் ஆபத்து.

ஞாயிற்றுக்கிழமை சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் ஏறி, அதே வழியாக இறங்கினோம். சாயத்துக்கு அதைவிடக் கடுமையான சோதனை நம் பக்கத்தில் இல்லை. கீழே வந்து, சூடு ஆறியபின் டார்ச் அடித்துப் பார்த்தேன். நிறம் மாறவில்லை, கொப்புளம் இல்லை. இடது பக்கம் குனிந்து பார்த்த என் மகன், "அப்பா, புதுக் காடி மாதிரி இருக்கு" என்றான். அலைச்சலெல்லாம் அந்த நிமிடம் மறந்துபோனது.

பின் டிரம் இரண்டும் இன்னும் துருவோடுதான் இருக்கின்றன. அதற்குக் கறுப்பு போதும், தீபாவளிக்குள் முடித்துவிடுவேன். நட்டு விஷயத்தில் மட்டும் இனி யாரையும் நம்புவதாக இல்லை. நட்டை இறுக்கவேண்டிய அளவு மைவிக்கு 100 நியூட்டன் மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, உங்கள் காருக்கு எவ்வளவு என்று மேனுவலில் பாருங்கள். டயர் கடையில் துப்பாக்கியை எடுத்தால், நட்டைக் கையால் ஏற்றி டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) முடிக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீட்டில் ஒருமுறை நீங்களே ரென்ச் போட்டுப் பார்த்துவிடுங்கள்.