கம்பி கட்டுவதல்ல சிரமம், பழைய பாலம்தான்

போன வாரம் நடைமேடையில் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. பக்கத்துத் தடத்தில் ஒரு டீசல் எஞ்சின், எங்கேயும் போகாமல், அணைக்கவும் படாமல் உறுமிக்கொண்டே நின்றது. காலுக்கடியில் தரை லேசாக அதிர்ந்தது. கைக்குழந்தையோடு நின்ற ஒருவர், குழந்தையின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நடைமேடையின் மறுகோடிக்கே போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. இதை இன்னும் ஏன் மின்சாரத்துக்கு மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்?

இத்தனைக்கும் பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் சக்கரத்தைச் சுற்றுவதே மின் மோட்டார்தான். டீசலை எரித்து ஜெனரேட்டரை ஓட்டி, அந்த மின்சாரத்தை மோட்டாருக்கு அனுப்புகிறார்கள். அதாவது ஒரு மின் நிலையத்தையும் அதற்கான எண்ணெயையும் வண்டியே சுமந்துகொண்டு ஓடுகிறது. அந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டு, மேலே போகும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்தால் வண்டி சட்டென்று வேகம் எடுக்கும், பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திருப்பியும் கொடுக்கும். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சான் ஹோசேவுக்கும் இடையே ஓடும் கால்ட்ரெயின் ரயில், 1860களில் போட்ட பாதை, 2024 செப்டம்பரில் மின்சாரத்துக்கு மாறியது. வண்டிகள் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் சுமார் 23 சதவீதம் பிரேக் வழியாகத் திரும்பி வருகிறதாம். டீசல் வண்டியில் அது முழுக்கச் சூடாகிக் காற்றோடு போயிருக்கும்.

சரி, இவ்வளவு நல்ல விஷயம் என்றால் ஏன் தாமதம்? கம்பி இழுப்பது ஓரளவு பழகிய வேலை. கம்பியை நேர்கோட்டில்கூடக் கட்டுவதில்லை, கம்பத்துக்குக் கம்பம் இடமும் வலமுமாக மாற்றி மாற்றிக் கட்டுவார்கள். நேராகப் போனால், வண்டியின் கூரையிலிருந்து கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் கையான பாண்டோகிராஃபின் கரிப்பட்டையில் ஒரே இடம் அறுபட்டுப் பள்ளம் விழுந்துவிடும், இப்படி மாற்றிக் கட்டினால் சீராகத் தேயும். இப்படி நுணுக்கமெல்லாம் ஊறிப்போன தொழில்நுட்பம்தான் இது. சிக்கல் எல்லாம் கம்பி போகிற வழியில் இருக்கிறது.

நீராவிக் காலத்தில் கட்டிய பாலத்துக்கு அடியில் ரயிலின் புகைபோக்கி போனால் போதும் என்று உயரம் வைத்தார்கள். இப்போது அதே இடைவெளியில் 25,000 வோல்ட் கம்பி, அதற்கும் பாலத்துக்கும் நடுவே மின்சாரம் தாவாத அளவுக்குக் காலி இடம், கம்பிக்கும் வண்டியின் கூரைக்கும் நடுவே காலி இடம், எல்லாம் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் பாலத்தை இடித்துத் தூக்கிக் கட்ட வேண்டும், இல்லையென்றால் தண்டவாளத்தைத் தோண்டி இறக்க வேண்டும். இது போதாதென்று சிக்னல் வேறு. பழைய பாதைகளில் வண்டி எங்கே நிற்கிறது என்பதைத் தண்டவாளத்தில் ஓடும் சிறு மின்னோட்டம்தான் சொல்கிறது, எஞ்சினிலிருந்து திரும்பும் பெரிய மின்னோட்டமும் அதே தண்டவாளம் வழியாகத்தான் போகிறது, அதனால் அதைத் தாங்காத பழைய சிக்னல் கருவிகளைக் கம்பியில் மின்சாரம் விடுவதற்கு முன்பே மாற்றியாக வேண்டும்.

பிரிட்டனில் லண்டனிலிருந்து மேற்கே போகும் கிரேட் வெஸ்டர்ன் பாதையில் நடந்ததைப் படித்தால் வயிறு எரியும். 1991-ல் எடின்பரோ வரை கிழக்குக் கரைப் பாதையை மின்மயமாக்கி முடித்தபின் பிரிட்டனில் இந்த வகையில் பெரிய வேலை ஏறக்குறைய நின்றே போனது. கைதேர்ந்தவர்கள் கலைந்துபோனார்கள். 2009-ல் கிரேட் வெஸ்டர்னை மின்மயமாக்கப்போவதாக அறிவிப்பு. மெய்டன்ஹெட்டிலிருந்து கார்டிஃப் வரைக்குமான செலவு 2014-ல் 160 கோடி பவுண்டு என்று மதிப்பிட்டது, 2016-ல் 280 கோடி ஆனது. அந்தப் பாதையில், செவர்ன் ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை 1886-ல் திறந்தது, 7 கிலோமீட்டர், தினமும் கோடிக்கணக்கான லிட்டர் ஊற்றுநீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கம்பிக்குப் பதில் கூரையில் அலுமினியச் சட்டம் மாட்டினார்கள், மின்சாரம் விடுவதற்கு முன்பே அரிப்பு பிடித்துவிட்டது. பிரிஸ்டல், ஆக்ஸ்போர்டுக்குப் போகும் பகுதிகளை 2016-ல் தள்ளிப்போட்டார்கள், அதனால் வண்டித் தளத்துக்கு அடியில் டீசல் எஞ்சினும் வைத்த இரட்டை வகை வண்டிகள்தான் அங்கே ஓடுகின்றன.

அதே பாதையில் ஒரு நல்ல வேலையும் நடந்தது, அதுதான் எனக்கு நம்பிக்கை கொடுத்தது. கார்டிஃபில் ஒரு பாலத்தை இடிக்காமலே, அடிப்பரப்பில் மின்காப்புப் பூச்சு பூசி, மின்னழுத்தம் திடீரென்று எகிறினால் தடுக்கும் கருவியைக் கம்பியில் பொருத்தி, குறுகிய இடைவெளியிலேயே சமாளித்தார்கள். அப்புறம் தெற்கு வேல்ஸ் பள்ளத்தாக்குப் பாதைகளில் இன்னொரு வழி: தாழ்ந்த பாலத்துக்கு அடியில் மின்சாரமே இல்லை, வண்டி அந்தக் கொஞ்ச தூரத்தை பேட்டரியில் கடந்துவிட்டு மறுபடி கம்பியைப் பிடித்துக்கொள்கிறது.

கட்டுபவர்களின் குழுவைக் கலைக்காமல் ஆண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு பாதை முடிந்ததும் அடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தால் இந்த வித்தையெல்லாம் கைமாறிக்கொண்டே வரும். பத்தாண்டு சும்மா இருந்துவிட்டு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் அறிவிப்பதுதான் பணத்தை விழுங்குகிறது. இனி எங்கே இந்த அறிவிப்பு வந்தாலும், எந்த ஆண்டு முடியும் என்று கேட்பதற்கு முன், வழியில் உள்ள பாலங்களையெல்லாம் அளந்துவிட்டீர்களா, சிக்னல் கேபிள் எங்கெங்கே புதைந்திருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா என்றுதான் கேட்பேன்.