தனியாகவா, அதுவும் எகிப்துக்கா?

டிக்கெட் எடுத்தது இரண்டு பேர். கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது தோழி போன் செய்தாள். "வீட்ல ஒத்துக்கவே மாட்டேங்கிறாங்கடி, திட்டாதே" என்றாள். நான் திட்டவில்லை. அவள் மாமியார் தொலைக்காட்சியில் காஸா செய்திகளைப் பார்த்துவிட்டு, எகிப்து அதற்கு அடுத்த தெரு என்று முடிவு கட்டிவிட்டார். காஸாவும் எகிப்தும் தொடும் ரஃபா எல்லையிலிருந்து கெய்ரோ முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். நடுவில் சினாய் பாலைவனமும் சூயஸ் கால்வாயும் கிடக்கின்றன. இதையெல்லாம் ஒரு மாமியாரிடம் யார் போய்ச் சொல்வது?

என் வீட்டிலும் நிலவரம் அப்படித்தான். "பிரமிடு எங்கேயும் ஓடிப்போயிடாது. நாலாயிரத்து ஐந்நூறு வருஷமா அங்கேயேதானே நிக்குது, இன்னும் ரெண்டு வருஷம் நிக்காதா?" என்றார் அம்மா. இந்த வாதத்துக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

எனக்கு எகிப்து ஆசை வந்தது பிரமிடால் இல்லை, ஒரு உடைந்த பானையால். செங்கடல் கரையில் குசேர் அல்-கதீம் என்று ஓர் இடம் இருக்கிறது. பழைய ரோமானியத் துறைமுகம். அங்கே தோண்டியபோது கிடைத்த ஒரு பானை ஓட்டில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பானை ஒறி' என்று பொறித்திருந்தது. ஒறி என்றால் நம் உறிதான், பானையைத் தொங்கவிடும் கயிற்று வலை. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அதைப் படித்துக் காலம் கி.மு. முதல் நூற்றாண்டு என்று சொன்னதை ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன். அன்றிலிருந்து அந்தக் கடற்கரையில் போய் ஒருமுறை நிற்கவேண்டும் என்று ஒரு கிறுக்கு.

சரி, இப்போது தோழி இல்லை. போவதா, வேண்டாமா?

முதலில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: வெளிநாட்டு அரசுகளின் பயண எச்சரிக்கைகளைப் படித்தேன். அமெரிக்க வெளியுறவுத் துறை 2018 முதல் நாடுகளை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. ஒன்று என்றால் வழக்கமான கவனம் போதும், நான்கு என்றால் போகாதே. எகிப்துக்கு இரண்டு போட்டிருந்தார்கள். படித்ததும் வயிற்றைக் கலக்கியது. அப்புறம் அதே பட்டியலில் பிரான்சும் ஜெர்மனியும் இரண்டாம் நிலையில் இருப்பதைப் பார்த்தேன். இந்தியாவும்தான். நான் தினம் வேலைக்குப் போய்வரும் நாடு!

அந்த ஒற்றை எண்ணை விட்டுவிட்டு உள்ளே போய்ப் படித்தால்தான் விஷயம் தெரிகிறது. வடக்கு சினாய் முழுக்கச் சிவப்பு, அதாவது போகவே கூடாது. நைல் பள்ளத்தாக்குக்கு மேற்கே விரியும் பாலைவனத்தைப் பற்றி எல்லோருமே எச்சரிக்கிறார்கள்; 2015-இல் அங்கே சென்ற மெக்சிகோ சுற்றுலாப் பயணிகளைத் தீவிரவாதிகள் என்று நினைத்து எகிப்துப் படையே சுட்டுக் கொன்றது. கெய்ரோ, லக்சர், அஸ்வான் என்று நைல் ஓரமாக நான் போட்டிருந்த பாதை அந்தச் சிவப்புக்கு வெளியே இருந்தது. என் திட்டத்தில் அந்த மேற்குப் பக்கம் இருக்கும் வெள்ளைப் பாலைவனத்தில் ஒரு இரவு கூடாரத்தில் தங்குவதாக இருந்தது. அதை அன்றைக்கே அடித்துவிட்டேன். அதற்கு இரண்டு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

எனக்குத் தூக்கம் போனது வேறொரு எண்ணால். 2013-இல் ஐ.நா. பெண்கள் அமைப்பு எகிப்தில் நடத்திய ஆய்வில் கேள்வி கேட்கப்பட்ட பெண்களில் 99.3 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைத் தாண்டுகிறது! குண்டு வெடிப்பில் நான் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு மிகச் சொற்பம், ஆனால் இது கிட்டத்தட்ட நடந்தே தீரும். பயண எச்சரிக்கைகளில் முதல் விஷயத்துக்கு நான்கு பத்தி, இரண்டாவதற்கு நான்கு வரி. யார் எழுதுகிறார்கள் என்பது அதிலேயே தெரிகிறது.

அந்த ஆய்வுக்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 2014-இல் சீண்டலைக் குற்றமாக்கிச் சட்டத்தைத் திருத்தினார்கள், 2021-இல் தண்டனையை இன்னும் கடுமையாக்கினார்கள். எங்கே, என்ன நடந்தது என்று பெண்களே வரைபடத்தில் குறிக்கும் ஹராஸ்மேப் என்ற முயற்சி 2010-லேயே கெய்ரோவில் தொடங்கியது. ஆனால் தெருவில் ஒருவன் பின்னால் வரும்போது சட்டப் புத்தகத்தையா விரித்துக் காட்டமுடியும்?

எனவே தனியாகப் போய்வந்த பெண்கள் எழுதியதைத் தேடித் தேடிப் படித்தேன். 'அருமையான நாடு, ஒன்றும் பயமில்லை' என்று எழுதியவர்களை ஒதுக்கினேன். 'நரகம், போகவே போகாதீர்கள்' என்றவர்களையும் ஒதுக்கினேன். எந்த இடம், எத்தனை மணி, என்ன செய்துகொண்டிருந்தபோது என்று எழுதியவர்களை மட்டும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். முப்பது பக்கம் படித்ததும் ஒரு வடிவம் தெரிந்தது. தொல்லைகள் பெரும்பாலும் தெருவிலும் டாக்சியிலும் பிரமிடு வாசலிலும்தான். பேச்சும், பின்தொடர்தலும், காசு பிடுங்கலும்தான் அதிகம். நிறையப் பேர் பயத்தைவிடக் களைப்பைப் பற்றி எழுதியிருந்தார்கள். நாளெல்லாம் 'வேண்டாம்' என்று சொல்லும் களைப்பு. அதற்கு நான் தயாரா என்று கேட்டுப் பார்த்தேன். கூட்ட நெரிசல் பேருந்தில் முழங்கையை முன்னால் நீட்டிக்கொண்டு கல்லூரி போன தலைமுறை நான். புதிதாகக் கற்க ஒன்றும் இல்லை என்று தோன்றியது. அதில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது, மறைக்கவில்லை.

தம்பி மட்டும் வேறு மாதிரி கேட்டான். "அக்கா, ஏதாவது ஆச்சுன்னா யாருக்கு முதல்ல தெரியும்?" அதுவரை நான் யோசிக்காத கேள்வி. இருவரும் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்தோம். தினம் இரவு ஒன்பது மணிக்கு, அங்கத்திய நேரப்படி, ஒரு சேதி. வராவிட்டால் உடனே பதறக்கூடாது, காலை வரை பொறுக்கவேண்டும். காலையிலும் இல்லையென்றால் விடுதிக்குப் போன், அதற்கும் பதில் இல்லையென்றால் கெய்ரோவில் இருக்கும் இந்தியத் தூதரகம். மணிக்கொரு முறை 'எங்கே இருக்கே?' என்று கேட்கும் ஏற்பாட்டைவிட இது எனக்குப் பிடித்திருந்தது. மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று முன்னாலேயே பேசி வைத்துவிட்டோம்.

நள்ளிரவு இரண்டு மணிக்குக் கெய்ரோவில் இறங்கும் விமானத்தை மாற்றிப் பகலில் இறங்குவதை எடுத்தேன். கூடுதல் பணம் போனது. மொத்தப் பயணத்திலும் உருப்படியாகச் செலவழித்த காசு அதுதான் என்பேன்.

இன்னொன்று தற்செயலாகக் கண்ணில் பட்டது. எனக்கு முதுகுவலி. பெட்டியில் வைத்திருந்த மாத்திரைகளில் ஒரு அட்டை டிரமடால். எகிப்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. 2017-இல் கிட்டத்தட்ட முந்நூறு டிரமடால் மாத்திரைகளுடன் வந்திறங்கிய ஒரு பிரிட்டன் பெண்ணுக்கு மூன்று ஆண்டுச் சிறை விதித்தார்கள். தீவிரவாதி, திருடன் என்று ஒரு மாதமாக வெளியே தேடிக்கொண்டிருந்தேன். நிஜமான ஆபத்து என் மருந்துப் பையில் இருந்தது. அட்டையை எடுத்து வைத்துவிட்டு, டாக்டரிடம் வேறு மாத்திரையும் சீட்டும் வாங்கிக்கொண்டேன். அண்ணன் மகன் ஆசையாகக் கொடுத்த ட்ரோனும் வீட்டிலேயே தங்கியது. அதற்கும் அங்கே அனுமதி இல்லை.

கிளம்பிவிட்டேன்.

கெய்ரோவில் முதல் இரண்டு நாள் மெட்ரோ என்னைக் காப்பாற்றியது. 1987-இல் ஓடத் தொடங்கியது, ஆப்பிரிக்காவிலேயே முதல் மெட்ரோ. ரயிலின் நடுவில் பெண்களுக்கென்று பெட்டிகள். அதில் ஏறிவிட்டால் நம்ம ஊர் மகளிர் பெட்டி போலவே இருக்கும். குழந்தையை மடியில் தள்ளிவிட்டுப் பையில் எதையோ தேடுவார்கள், ஹேர்பின் விற்பார்கள். 'ஹிந்தி? அமிதாப் பச்சன்!' என்று ஒரு பாட்டி என் கன்னத்தைக் கிள்ளினார். அங்கே ஹிந்தி என்றால் இந்தியர். எகிப்தில் இந்தியர்களுக்குக் கிடைக்கும் பாதி மரியாதை அந்த மனிதர் சம்பாதித்துக் கொடுத்தது.

பிரமிடு இருக்கும் கீசாவில் களைப்பு தொடங்கியது. டிக்கெட் கவுண்டருக்கு முன்பே ஒருவர் வழிமறித்து, "இந்த வாசல் மூடியாச்சு, என் பின்னால வாங்க" என்றார். நோட்டில் இதே வசனத்தை ஏழு பேர் எழுதியிருந்தார்கள். நான் சிரித்துவிட்டேன், அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒட்டகக்காரர், குதிரைக்காரர், போட்டோ எடுத்துத் தருகிறேன் என்று கைப்பேசியை வாங்கிக்கொண்டு பக்ஷீஷ் கேட்பவர் என்று வரிசையாக வந்தார்கள். 'லா, ஷுக்ரன்', வேண்டாம், நன்றி என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். மூன்று மணி நேரத்தில் குரல் கட்டிவிட்டது. பிரமிடை நன்றாகப் பார்த்தேனா என்றால், ஒரு பத்து நிமிடம்.

பயந்தது ஒரே ஒரு முறை. கெய்ரோ நகரின் மையத்தில் மாலை ஆறரை மணி. இரண்டு பையன்கள் பின்னால் வந்தார்கள். முதலில் பேச்சு, அப்புறம் சிரிப்பு, அப்புறம் ஒருவன் கை என் தோளில் இருந்த துப்பட்டாவைத் தொட்டது. நான் போட்டுவைத்திருந்த எந்தத் திட்டமும் ஞாபகத்துக்கு வரவில்லை. பக்கத்தில் வெளிச்சமாக ஒரு மருந்துக்கடை தெரிந்தது, உள்ளே நுழைந்துவிட்டேன். கவுண்டரில் இருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். வெளியே போய் "அய்ப்!" என்று ஒரே ஒரு சத்தம் போட்டார். வெட்கக்கேடு என்று அர்த்தமாம். பையன்கள் நழுவிவிட்டார்கள். ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஊபர் வரும்வரை என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரவு தம்பிக்கு அனுப்பிய சேதியில் 'நலம்' என்று மட்டும் எழுதினேன். விடுதி அறையில் துப்பட்டாவை இரண்டு முறை துவைத்தேன்.

மறுநாள் லக்சருக்கு விமானத்தில். படகில் நைலின் மேற்குக் கரைக்குப் போய் பெண் ஃபாரோ ஹட்ஷெப்சுட்டின் கோயிலுக்குப் போனேன். 1997 நவம்பர் 17 அன்று இதே படிகளில் 62 பேரைச் சுட்டுக் கொன்றார்கள், அதில் 58 பேர் வெளிநாட்டவர். அதைத் தெரிந்துகொண்டு போனதால் ஏறும்போது கால் கொஞ்சம் தயங்கியது. மேலே ஒரு பள்ளிக்கூடக் கூட்டம். பிள்ளைகள் சுவரில் சாய்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். வாசலில் சுற்றுலாப் போலீஸ் ஒருவர் துப்பாக்கியை மடியில் வைத்தபடி அரைத் தூக்கத்தில் இருந்தார். அஸ்வானும் அபு சிம்பல் கோயில்களும் சிக்கலில்லாமல் முடிந்தன. விடியற்காலை நாலு மணி வேனில் பத்துப் பேரோடு போய்வந்தேன், பாதி வழி தூக்கம்.

கடைசியாகக் குசேர். அஸ்வானிலிருந்து லக்சருக்குத் திரும்பி வந்திருந்தேன். அங்கிருந்து கிழக்குப் பாலைவனத்தைக் குறுக்கே கடக்கவேண்டும், இருநூறு கிலோமீட்டருக்கு மேல். அந்தப் பாதை சிவப்பில் இல்லை. விடுதிக்காரர் தனக்கு நன்றாகத் தெரிந்த ஓட்டுநரைப் பேசி வைத்திருந்தார், விடியும்போது கிளம்பி இருட்டுவதற்குள் திரும்புவதாக ஏற்பாடு. முந்தின இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டி, "அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது, அவருடைய உறவுக்காரர் வருவார், காலை பதினோரு மணிக்குக் கிளம்பலாம்" என்றார். பதினொன்றுக்குக் கிளம்பினால் திரும்பும்போது ராத்திரி. தெரியாத ஓட்டுநர், இருட்டு, பாதி தூரம் சிக்னல் இல்லாத சாலை.

ஒன்று மாறியிருந்தால் போயிருப்பேன். இரண்டும் சேர்ந்து மாறியதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விடுதிக்காரர் முகம் சுருங்கியது, நல்ல மனிதர், என்னை ஏமாற்ற நினைக்கவில்லை என்றே நினைக்கிறேன். கொடுத்த முன்பணம் போனது. அறைக்கு வந்து ஒரு மணி நேரம் என்னையே திட்டிக்கொண்டேன். எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வந்தேன், கடைசி இருநூறுக்கா பயந்தேன் என்று. மறுநாள் முழுக்க நைல் கரையில் உட்கார்ந்திருந்தேன். 'போகவேண்டாம்' என்ற முடிவு சரியா என்று எப்போதுமே தெரியப்போவதில்லை; போகாத சாலையில் ஒன்றும் நடப்பதில்லை.

வீடு திரும்பியதும் அம்மா கேட்டார். "அந்தப் பானையைப் பாத்தியா?"

"இல்லம்மா, அந்த ஊருக்கே போகல."

"உறிதானே? உங்க பாட்டி வீட்டு அடுப்படியில தொங்கிச்சே, மறந்துட்டியா? பூனை தாவி அறுத்துச்சே, மோரெல்லாம் கொட்டி."

மறக்கவில்லை. அறுந்த கயிற்றைத் தாத்தா உட்கார்ந்து மறுபடி முடிந்தது வரை ஞாபகம் இருக்கிறது. தோழி அடுத்த நவம்பருக்கு மாமியாரைச் சரிக்கட்டிவிடலாம் என்கிறாள். இந்த முறை நேராகக் குசேருக்கு, பகலில்.