தனி தொடங்கினால் கடலை

மிருதங்க மாஸ்டர் காலமான செய்தி 2023 ஆகஸ்டில் எங்கள் வகுப்பு வட்சப்பில் வந்தது. கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். நடுவில் ஒருவன், "கடலைக்கு ஆராவது சொன்னியளோ?" என்று கேட்டிருந்தான். கடலை நான்தான். சொந்தப் பெயரைப் போட்டால் எங்கள் ஆண்டுக்காரர் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அதே கிழமை, நான் குடியிருக்கும் நியூயோர்க்கின் பிறொங்ஸ் பகுதியில் ஹிப் ஹொப் இசைக்கு 50 வயது. யாங்கி ஸ்டேடியத்தில் பெரிய கச்சேரி. சாவும் கொண்டாட்டமும் ஒன்றாக வந்து விழுந்ததால், கல்லூரி மலர்க்குழு மாஸ்டரைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டபோது எனக்கு இப்படித்தான் எழுத வருகிறது. பொறுத்தருள்க.

1979 நவராத்திரி, கல்லூரி வாணி விழா. கடலைக் கிடாரம் பத்தாம் வகுப்பின் பொறுப்பு. அகப்பை என் கையில். வாய்ப்பாட்டு ரீச்சர் கீர்த்தனையை முடித்து, மாஸ்டர் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினா. பாட்டு ஓய, மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம், வருஷத்தில் ஒருமுறை அவருக்குக் கிடைக்கும் பத்து நிமிஷம் அது. மற்ற நாளெல்லாம் கல்லூரிக் கீதத்துக்கும் வரவேற்பு நடனத்துக்கும் தட்டுகிற ஆள். தனி தொடங்கியதும் நான் பக்கக் கதவைத் திறந்தேன். பாட்டு நடக்கும்போது கொடுத்தால் உப அதிபர் தோலை உரிப்பார். தனி நடக்கும்போது கொடுத்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். இதை எனக்கு ஆரும் சொல்லித்தரவில்லை, தெரிந்திருந்தது. பின்வரிசை முதலில் எழும்பியது. பிறகு நடுவரிசை. பிறகு, சொல்ல வெட்கம், உப அதிபரே கடதாசிச் சரை நீட்டிக்கொண்டு வந்தார். மாஸ்டர் முடிவுக் கோர்வையை மூன்று முறை வைத்து முடித்தபோது மண்டபத்தில் அதிபரும், முன்வரிசை ரீச்சர்மாரும், நித்திரையாய்ப்போன ஒரு குழந்தையும்தான் மிச்சம்.

திங்கட்கிழமை இரண்டாம் பாடம். "கடலை குடுத்த தம்பி, இஞ்சை வாரும்." தாளம் போடச் சொன்னார். ஆதிதான், எட்டு எண்ணிக்கை. அவர் மேசையில் இரண்டு விரலால் மெல்லத் தட்டினார். மூன்றாவது சுற்றில் அவர் தாளத்தின் தொடக்கமான சமத்துக்கு வந்தபோது நான் எங்கேயோ வீச்சில் நின்றேன். திரும்பப் போடச் சொன்னார். திரும்பவும் அதுவே. பாடம் முடியும்வரை அப்படியே நின்றேன். அவர் ஏசவில்லை. மணி அடித்தபிறகு, "அகப்பை பிடிக்கேக்க கை பிசகேல்லை" என்றார். வகுப்பு சிரித்த சிரிப்பு உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும், சிரித்தவர்கள் நீங்கள்தானே.

1984இல் மொன்றியலுக்கென்று வெளிக்கிட்டு நியூயோர்க்கில் அகப்பட்டு நின்றுவிட்டேன். பிறொங்ஸில் ஒரு கார் தரிப்பிடத்தில் இரவு வேலை. அந்தப் பகுதியை ஊடறுத்து நெடுஞ்சாலை போட்டு, குடியிருந்தவர்களைக் கிளப்பியிருந்தார்கள்; 70களில் வீட்டுச் சொந்தக்காரர் சிலரே காப்புறுதிக் காசுக்காகத் தங்கள் கட்டடங்களைக் கொளுத்தியும் இருந்தார்கள். நான் போனபோது கருகிய சுவர்கள் இன்னும் நின்றன. எரிந்த ஊரைவிட்டு வந்தவனுக்கு எரிந்த ஊரே வாய்த்தது. பொடியள் தோளில் பெட்டி ரேடியோவோடு போவார்கள். உள்ளே ஒருவன் தாளத்தில் பேசிக்கொண்டே இருப்பான். முதலில் சண்டை என்றுதான் நினைத்தேன்.

அது ஹிப் ஹொப், பிறந்தது இதே பிறொங்ஸில் என்று என்னோடு வேலைசெய்த ஜமேக்காக்காரக் கிழவர்தான் விளங்கப்படுத்தினார். 1973 ஆகஸ்ட் 11. 1520, செட்ஜ்விக் அவெனியூ, அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறை. சின்டி கம்பெல் என்ற பெண்பிள்ளை, பள்ளிக்கூடம் தொடங்கமுதல் புது உடுப்பு எடுக்கக் காசு வேண்டுமென்று ஒரு பார்ட்டி வைத்தாள். பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம். இசைத்தட்டுப் போட்டது அவளுடைய தமையன் கிளைவ், 18 வயது, கிங்ஸ்டனில் பிறந்தவன். ஊர் அவனைக் கூல் ஹேர்க் என்றது. கிங்ஸ்டன் தெருக்களில் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கிப் பாட்டுப் போடுவார்கள். அந்த அதிர்வைத்தான் அவன் கப்பல் ஏற்றாமலே கொண்டுவந்திருந்தான்.

ஹேர்க் ஒன்றைக் கவனித்தான். ஆடவந்தவர்கள் பாட்டு முழுக்கச் சுவரோடு சாய்ந்து நிற்கிறார்கள். பாட்டுக்காரரும் குழல்காரரும் ஓய்ந்து மேளம் மட்டும் தனியே நிற்கும் சில விநாடியில்தான் நடுவுக்கு வருகிறார்கள். வந்தவுடன் அது முடிந்துபோகிறது. ஆகவே ஒரே தட்டில் இரண்டு பிரதி எடுத்தான். ஒன்றில் அந்த இடம் முடிய மற்றதில் அதே இடத்தைத் தொடக்கினான். அது முடிய, முதல் தட்டைப் பின்னுக்கு இழுத்தான். சில விநாடித் தனி ஐந்து நிமிஷமாக நீண்டது. அவனுக்குப் பின்வந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் மின்னியல் படித்த பொடியன். தட்டிலே கிறேயொனால் கோடு கீறி, எங்கே திரும்ப வேண்டும் என்று அடையாளம் வைத்தான். எங்கள் மாஸ்டர் கொப்பியில் மிருதங்கச் சொற்கட்டுக்குக் கீழே சிவப்புப் புள்ளி வைப்பாரே, அதே வேலை.

ராப் சொல்லும் வாய் பிறகுதான் வந்தது. முதலில் மைக்கில் கூட்டாளிமாரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிறகு எதுகை வைத்தார்கள். நான் கடலை அள்ளிய அதே 1979இல் நியூ ஜேர்சியில் மூன்று பேர் சொன்ன 'ராப்பர்ஸ் டிலைட்' தட்டாக வெளிவந்து உலகைச் சுற்றியது. அதில் ஹேர்க்கும் இல்லை, ஃபிளாஷும் இல்லை. அன்றிலிருந்து வாய் முன்னுக்கு, தட்டுக்காரன் பின்னுக்கு. 2018இல் ராப்பர் கென்ட்ரிக் லமாருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தபோதும் எனக்குள் அந்தக் குறை இருந்தது. சொன்னால் என் மகள் கண்ணை உருட்டுவாள்.

நம்மவர் விழாக்களில் அருணகிரிநாதர்தான் முதல் ராப்பர் என்று ஆராவது ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொல்லாமல் விடுவதில்லை. அவருக்கு அந்தப் பட்டம் எதற்கு? பிறொங்ஸ் பொடியளுடையதை அவர்களுக்கே விட்டால் என்ன? யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி போல் மிருதங்கத்தின் மேல் ராப் சொல்லும்போது அப்படி உரிமை கோரிக் கேட்டதாகத் தெரியவில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

கிளைட் ஸ்டபிள்ஃபீல்டைப் பற்றியும் அந்தக் கிழவர்தான் சொன்னார். ஜேம்ஸ் பிறவுணுக்கு மேளம் வாசித்தவர். 'ஃபங்கி டிரம்மர்' என்ற பாட்டில் அவருக்குக் கிடைத்தது சில விநாடி. அந்தச் சில விநாடியை வெட்டி ஒட்டி நூற்றுக்கணக்கான ராப் பாட்டுகள் வந்தன. பாட்டில் அவருக்கு உரிமை எழுதப்படாததால், அவரை வெட்டியெடுத்த பாட்டுகளிலிருந்து உரிமைப் பணம் அவருக்கு வரவில்லை. 2017இல் இறந்தார்.

2003இல் சண்டை நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்தபோது ஊருக்குப் போனேன். மாஸ்டர் திண்ணையில் சாரத்தோடு இருந்தார். "கடலையோ?" என்றார். என் சீடி வோக்மனின் வயரை அவர் காதில் மாட்டி அந்தப் பாட்டைப் போட்டேன். கண்ணை மூடினார். வலது கை தொடையில் எண்ணத் தொடங்கியது.

"நாலுதான். ஆனா உள்ளுக்கை சின்னச் சின்னச் சொல்லு ஒளிச்சு வைச்சிருக்கிறான். கேக்குதே உனக்கு?"

எனக்கு 20 வருஷமாகக் கேட்டிருக்கவில்லை. "ஓம் சேர்" என்றேன்.

"பாடுறவன் என்ன கத்துறான்?"

"தனி வாசிக்க வேண்டாம், வைச்சிருக்கிறதையே விடாமல் வை எண்டு மேளகாரனுக்குச் சொல்லுறான் சேர்."

மாஸ்டர் சிரித்து இருமினார். "எங்கட அதிபரும் இதைத்தானே சொன்னவர்." பிறகு இன்னொருமுறை போடச் சொன்னார். மேளம் தனியே நிற்கும் இடத்தில் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இந்த இடத்திலை சனம் எழும்பிப் போகேல்லையோ?"

"எழும்பினவை சேர். ஆடுறதுக்கு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. 24 வருஷமாக வைத்திருந்த மன்னிப்பைக் கேட்க அதைவிட நல்ல இடம் வராது. வாசலில் வான்காரன் ஹோர்ன் அடித்தான். முகமாலைச் சோதனைச்சாவடி மூடமுதல் போகவேண்டும். சீடியைக் கழற்றி மாஸ்டரின் கையில் கொடுத்தேன். வோக்மனை, பிளேனில் கேட்க வேண்டுமென்று, பையில் வைத்துக்கொண்டேன்.