தேரிக் கருப்பட்டிக்கு வருசம் உண்டா?

ஜனவரியில் நாசிக் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். சிவப்பு ஒயினுக்கான ஷிராஸ் பழம். ஒரே ரகத்தை மேட்டில் நட்டால் ஒரு ருசி, பள்ளத்தில் நட்டால் வேறு ருசி என்றார் சுற்றிக் காட்டியவர். ஒயினின் நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலிலிருந்து வருகின்றன. நிறத்துக்கு ஆந்தோசயனின், துவர்ப்புக்கு டானின். தண்ணீர் கொஞ்சம் இறுக்கமானால் பழம் சிறுத்துவிடும். சாற்றின் அளவுக்குத் தோல் கூடுதல், அதனால் நிறம் அடர்த்தி. வெயில் வறுத்தெடுத்த வருடத்தில் இனிப்பு ஏறும், மாலிக் அமிலம் குறைந்து புளிப்பு இறங்கும், நிறமும் மங்கும். அறுப்புக்கு முன் மழை பிடித்தால் எல்லாம் நீர்த்துப்போகும். பாட்டிலில் வருடம் போடுவது சும்மா இல்லை.

ஒயின் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம். நினைப்பு முழுக்க கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடிக்குப் போய்விட்டது.

சித்திரையில் திருச்செந்தூரில் இறங்கி பஸ் பிடித்தேன். 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தாலும், எங்கள் வீட்டில் இது இன்னும் நெல்லைச் சீமைதான். ஊரைத் தாண்டினால் தேரி. மணல் செக்கச்செவேல் என்று கிடக்கிறது. ஒவ்வொரு மணல் துகளிலும் இரும்புத் துருவின் பூச்சு. எவ்வளவு மழை பெய்தாலும் நிற்காமல் கீழே இறங்கிவிடும். அதில்தான் பனை நிற்கிறது.

விடிலிக்குள், அதாவது பதனீர் காய்ச்சும் ஓலைக் குடிசைக்குள், ஆச்சி ஒருத்தி பதனீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். நுரை பொங்கி விளிம்புக்கு வந்ததும் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டார், அடங்கிவிட்டது. ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தார். பதம் வந்தாச்சு. சிரட்டைகளில் ஊற்றினார்.

“ஆச்சி, எல்லாப் பனையும் ஒரே ருசியா?”

“அதெப்படி எய்யா? கடக்கரைப் பனைக் கருப்பட்டி லேசா உப்புக் கரிக்கும். தேரிப் பனைதான் சுத்த இனிப்பு. கலயத்துல சுண்ணாம்பு கூடிட்டா எதுவானாலும் கறுத்துரும்.”

கலயத்துக்குள் தடவும் அந்தச் சுண்ணாம்பு இல்லாவிட்டால் மதியத்துக்குள் பதனீர் கள்ளாகிவிடும். இனிப்பைப் புளிக்கவைத்து மதுவாக்கும் ஈஸ்ட், ஒயின்காரன் கூப்பிட்டு உட்காரவைக்கிற அதே ஈஸ்டை இங்கே வாசலிலேயே விரட்டுகிறார்கள்.

2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அதற்கப்புறம் வந்த பருவம் எப்படி என்று கேட்டேன்.

“கலயம் ரொம்பத்தான் நிறைஞ்சுது. ஆனா தண்ணிப் பதனி. காச்சிக் காச்சி ஓலையெல்லாம் தீந்துபோச்சு. இந்த வருசம் கொஞ்சமா வடியுது, நல்லா இருக்கு.”

ஒரு கருப்பட்டியைத் தட்டி உடைத்து நீட்டினார். முதலில் புகை வாசம், அப்புறம் இனிப்பு, கடைசியில் நாக்கில் ஒரு சின்ன உறைப்பு. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரைச் சொல்லியாயிற்று, வருடத்தைத்தான் யாரும் சொல்வதில்லை.

ஓலைக் கொட்டானில் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு, பேனாவை நீட்டி, மேலே வருசம் எழுதித் தரச் சொன்னேன்.

“எழுதி என்ன செய்யப்போற? ஆடிக்குள்ள தின்னு தீத்துருவ” என்றார்.